மே தினச் சுவரொட்டியில் எதை எழுதுவது?

(தோட்டத் தலைவர்கள், மாதர் சங்கத் தலைவிகள், இளைஞர் கமிட்டி உறுப்பினர்களுக்காக 2025 ஏப்ரலில் ஹட்டனில் நடந்த வகுப்பில் ஆற்றிய உரை)



மே தினத்துக்கு இன்னும் மூன்று கிழமைகூட இல்லை. அச்சகத்துக்கு வாசகம் கொடுக்க வேண்டும். வழக்கமாக அதை நாலு பேர் காரியாலயத்தில் உட்கார்ந்து எழுதுவார்கள். அச்சடித்துக் கட்டாகத் தோட்டத்துக்கு வரும். தம்பிமார் ராத்திரியில் பசை காய்ச்சி ஒட்டுவார்கள். காலையில் கொழுந்துக்குப் போகிற அம்மா அதைப் பார்த்துத்தான் தன்னுடைய கோரிக்கை என்னவென்று தெரிந்துகொள்வார். இந்த முறை இந்த வரிசையைத் திருப்பிப் பார்க்கலாமா என்று கேட்கத்தான் நான் வந்திருக்கிறேன்.

பஸ் நிலையத்திலிருந்து இந்த மண்டபம் வரைக்கும் சுவர்களைப் பார்த்துக்கொண்டே நடந்தேன். மே 6ஆம் திகதி உள்ளூராட்சித் தேர்தல். போஸ்டர் ஒட்டத் தேர்தல் சட்டம் இடம் கொடுப்பதில்லை, ஆனாலும் ஒட்டுகிறார்கள். கைகூப்பிய ஒரு முகம், அதற்கு மேலே அவருடைய தலைவரின் பெரிய முகம், அதற்கும் மேலே காலஞ்சென்ற தலைவரின் முகம். ஒரே தாளில் ஏழு முகம் எண்ணினேன். சம்பளம் என்ற சொல் அதில் இல்லை, காணி என்ற சொல் இல்லை. தேர்தல் போஸ்டர் அப்படித்தான் இருக்கும், அதை விடுங்கள். தொழிற்சங்கங்களின் மே தினப் போஸ்டர்களும் அப்படித்தானே ஆகிவிட்டன? ஊர்வலம் எங்கே, எத்தனை மணிக்கு, யார் தலைமை, யார் சிறப்புரை. நாம் எதற்காக ஊர்வலம் போகிறோம் என்பதற்குத் தாளில் இடம் போதாமல் போய்விடுகிறது. போன வருடம் மிஞ்சிய போஸ்டர்களின் வெள்ளைப் பக்கத்தை வெளியே திருப்பி என் வகுப்புப் பிள்ளைகள் கொப்பிகளுக்கு உறை போட்டிருந்தார்கள். அந்தப் போஸ்டர் செய்த நல்ல வேலை அதுதான் என்று நினைக்கிறேன்.

முகம் ஒட்டுவதை முழுவதும் கேலி செய்யவும் எனக்கு மனம் வரவில்லை. காரணம் இருக்கிறது. 1947 தேர்தலில் இலங்கை இந்தியக் காங்கிரஸ் ஏழு ஆசனங்களை வென்றது. அடுத்த வருடம் பிரஜாவுரிமைச் சட்டம் வந்தது; 1949இல் வாக்கும் போனது. வாக்கில்லாதவர்களிடம் எந்தக் கட்சி வந்து கை கூப்பும்? 1952இல் கொழும்பில் பிரதமர் அலுவலகத்துக்கு முன்னால் மாதக்கணக்கில் சத்தியாக்கிரகம் இருந்தும் அந்தக் கதவு திறக்கவில்லை. 1977இல்தான் நுவரெலியா–மஸ்கெலியா தொகுதியில் தொண்டமான் வென்று, நம் வாக்குகளால் ஒருவர் மீண்டும் பாராளுமன்றம் போனார். அதே வருடம், தேர்தலுக்குச் சில கிழமைகளுக்கு முன்னால், மே 11ஆம் திகதி, தோட்டக் காணிகளைப் பிரித்துக் கொடுப்பதை எதிர்த்துத் திரண்டபோது டெவன் தோட்டத்தில் சிவனு லெட்சுமணன் பொலிஸ் துப்பாக்கிச் சூட்டில் இறந்தார். அப்படிப்பட்ட காலத்தில் நகரச் சுவரில் நம்முடைய ஆள் ஒருவரின் முகம் இருந்ததே பெரிய விசயம். அந்த முகத்தைப் பார்த்து அழுத பெரியவர்கள் இருந்திருப்பார்கள். ஆனால் அது நடந்து 48 வருடம் ஆகிறது. முகத்தோடு நாம் நின்றுவிட்டோம் என்பதுதான் என் குறை.

இன்னும் பின்னால் போனால் நமக்கு ஒட்டுவதற்குச் சுவரே இல்லை. லயத்துச் சுவர் கம்பனியுடையது, ரோட்டும் கம்பனியுடையது, கோயிலுக்குப் போகிற பாதைகூடக் கம்பனியுடையது. வெளியாள் ஒருவர் துரையின் அனுமதியில்லாமல் உள்ளே வந்தால் அத்துமீறல் வழக்கு. தஞ்சாவூர்ப் பக்கத்திலிருந்து வந்த கோ. நடேசையர் முதலில் புடவை வியாபாரி வேசத்தில்தான் தோட்டங்களுக்குள் போய்ப் பார்த்தார் என்பார்கள். பிறகு ‘தேசநேசன்’ நடத்தினார், 1931இல் அகில இலங்கை இந்தியத் தோட்டத் தொழிலாளர் சம்மேளனத்தை அமைத்தார். அப்போது மலைநாட்டுக்குச் சட்டப்படியான நாட்சம்பளம் ஆணுக்கு 54 சதம், பெண்ணுக்கு 43 சதம், பிள்ளைக்கு 32 சதம். உலகச் சந்தை மந்தமாகிவிட்டது என்று சொல்லி அதையும் குறைத்தார்கள்.

எழுத்து வாசிக்கத் தெரிந்தவர் லயத்துக்கு ஒருவர் இருந்தால் அதிசயமான காலம் அது. போஸ்டர் அச்சடித்தும் பயனில்லை. அதனால் ஐயரின் மனைவி மீனாட்சி அம்மாள் பாட்டுக் கட்டினார். கூட்டத்தில் முதலில் அவர் பாடுவார். சனம் சேர்ந்த பிறகு பேச்சு. அந்தப் பாட்டுகளைச் சின்னப் புத்தகமாக அச்சிட்டுப் பரப்பினார்கள். மடியில் செருகிக்கொண்டு போகலாம், சுவர் வேண்டாம். வாசிக்கத் தெரிந்த ஒருவர் வாசித்தால் மற்றவர்கள் மனப்பாடம் செய்துகொள்வார்கள். மலையகத்தின் முதல் சுவரொட்டி எது என்று கேட்டால் நான் அந்தப் பாட்டுப் புத்தகங்களைத்தான் காட்டுவேன். செய்தது ஒரு பெண் என்பதையும் சேர்த்துச் சொல்வேன். இங்கே முன்வரிசையில் இருக்கிற தலைவர்மார் கொஞ்சம் அதைக் குறித்துக்கொள்ளுங்கள்.

அடுத்து ஒரு வாசகத்தைச் சொல்கிறேன். 1936இல் பிரேஸ்கேர்டில் என்ற அவுஸ்திரேலிய இளைஞர் மடுல்கலைப் பக்கத்தில் றெலுகாஸ் தோட்டத்துக்குத் துரை வேலை பழக வந்தார். தொழிலாளரை நடத்துகிற விதத்தைப் பார்த்துப் பொறுக்காமல் அவர்கள் பக்கம் நின்றார், வேலை போயிற்று. லங்கா சமசமாஜக் கட்சியில் சேர்ந்தார். 1937 ஏப்ரல் 3ஆம் திகதி நாவலப்பிட்டியில் மேடை ஏறி, கூட்டத்தைப் பார்க்க வந்திருந்த துரைமாரின் முன்னாலேயே தோட்டங்களில் நடப்பதைச் சொன்னார். ஒரு வெள்ளைக்காரர் வெள்ளைக்காரத் துரைமாரைப் பற்றி நம் ஆட்களிடம் அப்படிப் பேசியது அவர்களுக்குத் தாங்கவில்லை. தேசாதிபதி ஸ்டப்ஸ் இரண்டு நாளில் நாட்டை விட்டுப் போகும்படி கட்டளை போட்டார். பிரேஸ்கேர்டில் போகவில்லை, தலைமறைவானார்.

அந்த வருட மே தின ஊர்வலத்தில் அட்டைகள் தூக்கினார்கள். அதில் எழுதியிருந்தது இரண்டே விசயம்: எங்களுக்குப் பிரேஸ்கேர்டில் வேண்டும், ஸ்டப்ஸை நாடுகடத்து. யார் யாரை நாடு கடத்துவது என்று தேசாதிபதி போட்ட கட்டளையை அப்படியே திருப்பி அவர் மேலேயே போட்டுவிட்டார்கள்! நாலு நாளில் பிரேஸ்கேர்டில் காலிமுகத்திடல் கூட்டத்தில் மேடையில் தோன்றினார். மே 18ஆம் திகதி உயர் நீதிமன்றம் அந்தக் கட்டளை செல்லாது என்று தீர்த்தது. அட்டை எழுதியதால் தீர்ப்பு வந்தது என்று நான் சொல்ல வரவில்லை. சட்டத்தரணிகள் வாதாடினார்கள், சட்டசபையில் பேசினார்கள். ஆனால் அந்த அட்டையைப் பார்த்த ஒருவருக்கு வழக்கு முழுவதும் ஒரு நொடியில் விளங்கியிருக்கும். ‘ஏகாதிபத்தியத்தின் அடக்குமுறையை வன்மையாகக் கண்டிக்கிறோம்’ என்று எழுதியிருந்தால் விளங்கியிருக்குமா? நம்முடைய போஸ்டர்களில் ‘வன்மையாக’ என்ற சொல் எத்தனை தடவை வருகிறது என்று வீட்டுக்குப் போய் எண்ணிப் பாருங்கள்.

மூன்று வருடத்துக்குள், 1940 ஜனவரி 10ஆம் திகதி, ஹேவாஹெட்டப் பக்கத்து முல்லோயா தோட்ட வேலைநிறுத்தத்தில் கோவிந்தன் சுட்டுக் கொல்லப்பட்டார். அவர் பெயரை நம் மே தினத் தாள் ஒன்றில் பார்த்து எவ்வளவு காலமாகிறது?

சரி, நம்முடைய காலத்துக்கு வருவோம். 2018 ஒக்டோபர் 24. இங்கே இருக்கிற தம்பிமாரில் சிலர் அன்றைக்குக் காலிமுகத்திடலில் நின்றிருப்பீர்கள். கொழும்பில் கடைகளிலும் ஹோட்டல்களிலும் வேலை செய்கிற மலையகப் பிள்ளைகள் கறுப்பு உடுப்புப் போட்டுக்கொண்டு ஆயிரக்கணக்கில் வந்து சேர்ந்தார்கள். பேஸ்புக்கில் ஒருவருக்கொருவர் சொல்லிக்கொண்டு வந்தவர்கள். எந்தச் சங்கமும் அவர்களுக்கு லொறி பிடித்துக் கொடுக்கவில்லை. கேட்டது ஒன்றே ஒன்று: அடிப்படைச் சம்பளம் 1000 ரூபா.

அந்த 1000ஐக் கொஞ்சம் கவனியுங்கள். ஒன்றும் மூன்று பூச்சியமும். தமிழில் எழுதினாலும் 1000, சிங்களத்தில் எழுதினாலும் 1000, இங்கிலீசில் எழுதினாலும் 1000. மொழிபெயர்ப்பு வேண்டாம். பள்ளிக்கூடப் படியே ஏறாத பாட்டிக்கும் அது தெரியும், ஏனென்றால் காசை எண்ணத் தெரியாதவர் யாரும் இல்லை. காலிமுகத்திடல் ரோட்டில் காரில் போகிறவர் கண்ணாடியை இறக்காமலே வாசித்துவிடலாம். ஒரு நாள் முழுக்க மழையில் நின்று கொழுந்து எடுத்தால் அந்தத் தாள் ஒன்றுகூடக் கிடைப்பதில்லையா என்று அவர் தனக்குள்ளே கேட்டிருப்பார். அந்த இலக்கத்தை எந்தத் தலைவரும் தன் முகத்துக்குப் பக்கத்தில் போட்டுச் சொந்தமாக்கிக்கொள்ள முடியவில்லை. பலர் முயன்று பார்த்தார்கள் என்பது வேறு கதை.

2019 ஜனவரியில் கூட்டு ஒப்பந்தம் 700இல் நின்றது. போராட்டம் விடவில்லை. 2021 மார்ச்சில் சம்பள நிர்ணய சபை மூலம் 900உம் 100உமாக 1000 வர்த்தமானியில் வந்தது.

இனி நான் சொல்லப்போவது கசப்பானது. அந்தப் போஸ்டரில் 1000 இருந்தது, கிலோ இருக்கவில்லை. கம்பனிகள் நீதிமன்றம் போயின, கூட்டு ஒப்பந்தத்திலிருந்து விலகின. பேருக்கு இத்தனை கிலோ என்று ஒப்பந்தத்தில் இருந்த பிடிமானம் கையை விட்டுப் போயிற்று. பல தோட்டங்களில் அளவைக் கூட்டினார்கள். எடுக்க முடியாதவருக்கு அரைப்பேர், இல்லாவிட்டால் கிலோவுக்கு இவ்வளவு என்று கைக்காசு. ஆயிரம் ரூபா சட்டத்தில் இருந்தது. நம்முடைய அம்மாவின் சம்பளத் துண்டில் எத்தனை நாள் இருந்தது என்று அவரைத்தான் கேட்க வேண்டும். 2024 மே தினத்தை ஒட்டி 1,700 என்றார்கள். கம்பனிகள் உயர் நீதிமன்றம் போயின. செப்டெம்பரில் 1,350 என்று வர்த்தமானி வந்தது. இந்தப் பெப்ரவரி வரவு செலவுத் திட்டத்தில் மறுபடி 1,700 என்ற பேச்சு. ஒவ்வொரு தடவையும் பெரிய எழுத்தில் ஓர் இலக்கம் வருகிறது. அந்த இலக்கத்துக்கு எத்தனை கிலோ, எத்தனை நாள் வேலை என்பது எங்கேயும் எழுதப்படுவதில்லை. இலக்கம் அரசாங்கத்துக்கும் கம்பனிக்கும் சங்கங்களுக்கும் தெரிகிறது. கிலோ தெரிவது தராசுக்கு முன்னால் நிற்கிற பெண்ணுக்கு மட்டும்தான். வாசகம் எழுதுகிற மேசையில் அவர் இருந்திருந்தால் 1000 என்ற எழுத்துக்குக் கீழே கிலோவும் வந்திருக்கும் என்று நான் உறுதியாக நம்புகிறேன். தாளில் வந்திருந்தால் பேச்சுவார்த்தை மேசையிலும் யாரும் அதைத் தாண்டிப் போயிருக்க முடியாது.

அவர் அந்த மேசையில் இல்லாவிட்டால் என்ன நடக்கும் என்பதைக் கடலுக்கு அந்தப் பக்கம் பார்த்தார்கள். கேரளாவில் மூணாறு. அங்கே கொழுந்து எடுக்கிறவர்களும் நம்மைப் போலத் தமிழ்ப் பெண்கள். அவர்கள் வீட்டையும் லயம் என்றுதான் சொல்வார்கள். 2015 செப்டெம்பரில் போனஸை 20 வீதத்திலிருந்து 10 வீதமாகக் குறைத்தபோது ஆயிரக்கணக்கான பெண்கள் ரோட்டை மறித்து உட்கார்ந்தார்கள். சங்கக் கொடிகளைக் கிட்டே விடவில்லை. சமாதானம் பேச வந்த சங்கத் தலைவர்களைத் துரத்திவிட்டார்கள். கம்பனியைப் பற்றிக் கோசம் போட்ட அதே வாயால் சங்கத்தைப் பற்றியும் போட்டார்கள். ‘பெம்பிளை ஒருமை’ என்று தங்களுக்குத் தாங்களே பெயர் வைத்துக்கொண்டார்கள். சில நாட்களில் 20 வீதமும் வந்தது. சங்க வகுப்பில் வந்து இதைச் சொல்லலாமா என்று ஒரு அண்ணன் முகத்தைச் சுளிக்கிறார். இங்கே சொல்லாமல் வேறு எங்கே சொல்வது? அந்தப் பெண்கள் சங்கம் வேண்டாம் என்று சொல்லவில்லை, சங்கம் செய்ய வேண்டிய வேலையைத் தாங்களே செய்தார்கள்.

இன்னொரு நாட்டுக் கதையும் சொல்கிறேன், இது சந்தோசமான கதை. அமெரிக்காவில் கலிபோர்னியா மாநிலத்தில் திராட்சைத் தோட்டங்கள். பெரும்பாலும் மெக்சிக்கோ, பிலிப்பைன்ஸ் வழி வந்த கூலி ஆட்கள். 1962இல் சேசர் சாவேஸ் அங்கே சங்கம் தொடங்கியபோது ஒரு கொடி வேண்டியிருந்தது. சிவப்புத் துணி, வெள்ளை வட்டம், நடுவில் கறுப்புக் கழுகு. அந்தக் கழுகின் சிறகை வளைவில்லாமல் படிக்கட்டு மாதிரி நேர்கோடுகளாக வரைந்தார்கள். ஏன் தெரியுமா? படம் வரையத் தெரியாத தொழிலாளியும் ஒரு பலகைத் துண்டை வைத்துக் கோடு இழுத்துத் தன் கையாலேயே அதைச் செய்துகொள்ள வேண்டும் என்பதற்காக. அச்சகத்துக்குக் காசில்லாத தோட்டத்திலும் கொடி இருக்கும். 1965இல் தொடங்கிய அவர்களுடைய வேலைநிறுத்தம் ஐந்து வருடம் போனது. நகரங்களில் இருந்தவர்கள் திராட்சை வாங்குவதை நிறுத்தினார்கள். 1970இல் முதலாளிமார் கையெழுத்துப் போட்டார்கள்.

பிறகு அதே பள்ளத்தாக்கில் தோட்டத் தொழிலாளர் குடும்பத்தில் பிறந்த எஸ்டர் ஹெர்னாண்டஸ் என்ற பெண் ஓவியர் 1982இல் ஒரு போஸ்டர் செய்தார். கடைகளில் விற்கிற உலர்ந்த திராட்சைப் பெட்டியில் ஒரு பெண் கூடை நிறையப் பழத்தோடு சிரிப்பாள். அவர் அந்தப் பெட்டியை அப்படியே வரைந்து, பெண்ணின் முகத்துக்குப் பதிலாக மண்டையோட்டை வைத்தார். தோட்டத்தில் அடித்த மருந்து தன் ஊர்க் கிணற்றுத் தண்ணீரில் கலந்திருந்தது தெரிய வந்ததால் செய்த படம் அது.

நமக்கும் ஒரு பெட்டி இருக்கிறதே! இலங்கைத் தேயிலையை விளம்பரம் செய்ய 1932இலேயே தனியாக ஒரு சபை அமைத்தார்கள். அன்று முதல் இன்று வரை உலகம் முழுக்க ஒட்டியிருப்பது நம்முடைய அம்மாவின் படம்தான். சேலை கசங்கவில்லை, காலில் அட்டை இல்லை, கூடை தலையில் பாரமே இல்லாதது மாதிரி இருக்கிறது, சிரிக்கிறார். நம்மைப் பற்றி மற்றவர்கள் ஒட்டிய போஸ்டர் அது. அதற்கு நாம் இன்னும் பதில் போஸ்டர் ஒட்டவில்லை. பொகவந்தலாவையிலோ தலவாக்கலையிலோ சித்திரம் வரைகிற ஒரு தங்கச்சி கட்டாயம் இருப்பாள். அவளைக் கண்டுபிடியுங்கள். மருந்தடிக்கிற தம்பிமாரையும் கேட்டுப் பாருங்கள், அவர்களுக்கும் ஒரு படம் தேவைப்படும்.

இனி வேலைக்கு வருவோம்.

வாசகம் கொழுந்து மடுவத்திலிருந்து வர வேண்டும். நிறுவைக்குக் காத்திருக்கிற நேரத்தில் மாதர் சங்கத் தலைவி ஒரே ஒரு கேள்வி கேட்கட்டும்: சம்பளத்தைப் பற்றிச் சுவரில் ஒரு வரி எழுதலாம் என்றால் என்ன எழுதுவீர்கள்? சொல்கிற சொல்லை அப்படியே எழுதுங்கள். ‘பேர்’ என்று சொன்னால் பேர் என்றே எழுதுங்கள், ‘நாளாந்த வேதனம்’ என்று திருத்த வேண்டாம். திருத்துவதற்கு என்னிடம் கொண்டுவரவும் வேண்டாம். வாத்தியார் கை பட்டால் அது கட்டுரையாகிவிடும்.

சிங்களத்திலும் கட்டாயம் போட வேண்டும். நம் ரோட்டில் வருகிற பஸ் சாரதி, கடைக்காரர், பக்கத்துக் கிராமத்தில் சிறுதேயிலை வைத்திருக்கிறவர், இவர்களெல்லாம் வாசிக்க வேண்டிய போஸ்டர் இது. அவர்களுடைய கொழுந்துக்கும் விலை சரியாக இல்லை. போனில் மொழிபெயர்த்து அச்சடித்துவிடாதீர்கள்; சிங்களப் பாடசாலை ஆசிரியர் ஒருவரிடமோ சிங்களத் தோழர் ஒருவரிடமோ வாசித்துக் காட்டிய பிறகு அச்சுக்குக் கொடுங்கள்.

முகம் வேண்டாம். தலைமைக் காரியாலயத்தில் இதைக் கேட்டுச் சிலருக்கு மனவருத்தம் வரலாம், அதை நான் பேசிக்கொள்கிறேன். இடம், நேரம் கீழே சின்ன எழுத்தில் போதும். தேர்தல் முடிகிற வரைக்கும் எந்தக் கட்சியின் நிறமும் சின்னமும் தாளில் வரக்கூடாது; வந்தால் பொலிஸார் கிழிக்க நாமே காரணம் கொடுத்ததாகும். தனியார் சுவரென்றால் கேட்டுவிட்டு ஒட்டுங்கள். கோயில் சுவரிலும் பாடசாலைச் சுவரிலும் ஒட்ட வேண்டாம். பாடசாலைச் சுவரைத் திரும்ப வெள்ளையடிக்கப் பெற்றோரிடம்தான் காசு கேட்க வேண்டி வரும்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்கு இதே மண்டபம். ஒவ்வொரு டிவிசனிலிருந்தும் ஒரு வரி கொண்டுவாருங்கள். எல்லாவற்றையும் சுவரில் ஒட்டி வாசிப்போம், கை தூக்கித் தெரிவு செய்வோம். தாளின் பின்பக்கத்தில் தோட்டத்தின் பெயரும் டிவிசனும் இருந்தால் போதும். வரியைச் சொன்ன அம்மாவின் பெயரை எழுத வேண்டாம். பெரட்டில் அவரை யாரும் தனியாகக் கூப்பிட்டு விசாரிக்க வழி வைக்கக்கூடாது.